பின் இடப்பக்கச் சில்லில் ஒரு குமிழி

மலரக்கா இறந்த செய்தி வந்தபோது நான் அச்சுவேலிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்றவர்களுக்கென்று கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்துக்கும் முழங்கால் வலிக்கு மருந்து சொல்லுவதற்கும்தான் அது பெரும்பாலும் பயன்படும். அன்று காலை அதில் ஒரு படம் வந்திருந்தது. சாம்பல் நிற ஜீப் ஒன்றின் கதவில் கைவைத்தபடி மலரக்கா நிற்கிறார். மற்றக் கையில் ஸ்பனர். சேலைத் தலைப்பு இடுப்பில் செருகியிருக்கிறது. கீழே, "எங்கடை மதில் ரீச்சர் இண்டைக்கு விடிய ஆண்டவரிட்டைப் போயிட்டா" என்று எழுதி, அழும் முகம் ஒன்றும் சிரிக்கும் முகம் ஒன்றும் போட்டிருந்தார்கள். அந்தப் படத்தை எடுத்தவள் நான். பொறுக்கிய கத்தரிக்காயைக் குவியலிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கிறேஸ் தேவமலர் என்பது முழுப்பெயர். மாணவிகளுக்கு மலர் ரீச்சர். எனக்கு மலரக்கா. உடுவிலில் பிறந்து, உடுவிலிலேயே மணமுடித்து, எழுபத்தெட்டு வயதில் உடுவிலிலேயே கண்ணை மூடினார். முப்பத்தொரு ஆண்டுகள் கணிதம் படிப்பித்தார். அதே பாடசாலையில் நான் பௌதிகவியல். அவரைவிட ஒன்பது வயது இளையவள். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர், நான் வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவள். என்னைக் கடைசிவரை "நீர்" என்றுதான் கூப்பிட்டார். அந்த "நீர்" என்பதில் இருக்கும் மரியாதையும் நெருக்கமும் எங்கள் ஊருக்கு வெளியே ஒருவருக்கும் விளங்காது.

"மதில் ரீச்சர்" என்ற பட்டம் பாடசாலையில் கிடைத்ததல்ல. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவர் ஓட்டிய ஜீப் ஊர் வாசிகசாலை மதிலில் மோதி, எட்டடி நீளத்துக்கு அதை விழுத்தியது. அதோடு ஒட்டிக்கொண்ட பெயர். செத்தவீட்டிலும் அது ஓயவில்லை. பிரார்த்தனைக்குப் பிறகு பேசிய பழைய மாணவி ஒருவர், "எழுபத்திநாலு வயதில் மதிலோடு மல்லுக்கு நின்றவர் எங்கள் ரீச்சர்" என்றார். சபை சிரித்தது. அன்பான சிரிப்புத்தான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்றாவது வரிசையில் இருந்த எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தச் சிரிப்பைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசிக்க வேண்டும்.

அந்த ஜீப் அவருடைய கணவர் சாமுவேல் மாஸ்ரருடையது. நான்கு சக்கரத்தாலும், அதாவது முன் சில்லு இரண்டையும் சேர்த்து, இழுக்கும் பழைய வாகனம். விவசாயப் போதனாசிரியராக இருந்த மாஸ்ரர் வயல், வரம்பு, சேறு என்று எதையும் பாராமல் அதில் திரிந்தார். மலரக்காவிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தது. அந்தக் காலத்தில் சின்னக் கார் ஓட்டினார். ஜீப்பை மட்டும் மாஸ்ரர் ஒருநாளும் கொடுக்கவில்லை. "உது பொம்பிளையளின்ரை கைக்கு அடங்காது" என்பாராம். நல்ல மனிதர், ஆனால் அந்த விஷயத்தில் கல்லு. அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் அது கொட்டிலில் நின்று இறுகிப்போனது. கொழும்பிலிருந்து மகன் ஜெயன் வந்து, பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடுவோம் என்றபோது மலரக்கா சொன்ன மறுமொழி இது: "குடுக்கலாம். நான் ஓடிப் பாத்தாப் பிறகு குடுக்கலாம்."

இப்படித்தான் ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியைகள் உடுவிலில் ஒரு மாமரத்துக்குக் கீழே எஞ்சின் கழற்றத் தொடங்கினோம். கடைச்சல் வேலையை நான் அச்சுவேலிப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் செய்வித்துவருவேன். மிச்சமெல்லாம் எங்கள் நான்கு கைகள்தான். மூன்று ஆண்டுகள் எடுத்தது. ஊர் முதலில் சிரித்தது, பிறகு எட்டிப் பார்த்தது, பிறகு ஆலோசனை சொல்ல வந்தது. ஆலோசனை சொல்ல வந்தவர்களுக்கு மலரக்கா தேநீர் கொடுத்து, ஒரு துருப்பிடித்த போல்ற்றையும் மண்ணெண்ணெய்த் துணியையும் கையில் கொடுப்பார். இரண்டாம் முறை ஒருவரும் வரவில்லை.

வேலையில் அவருக்கு ஒரு முறை இருந்தது. ஒருவர் செய்யவேண்டும், மற்றவர் கேட்கவேண்டும். செய்கிறவர் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லவேண்டும். "விடை எனக்கு வேண்டாம், வழியைக் காட்டும்" என்று வகுப்பில் சொன்னதை ஜீப்புக்குக் கீழே படுத்துக்கொண்டும் சொன்னார். வீட்டைச் சுற்றிய அந்த வளவில் ஒரு சொல் தடைசெய்யப்பட்டிருந்தது. "காணும்." எங்கள் ஊரில் போதும் என்பதற்கு நாங்கள் சொல்லும் சொல். சோறு போடும்போது சொல்லுவோம், நட் இறுக்கும்போதும் சொல்லுவோம். நான் நட்டை இறுக்கிவிட்டு "காணும்" என்று எழும்பினால், "ஆருக்குக் காணும்? உமக்கோ, நட்டுக்கோ?" என்று கேட்பார். நான் திரும்பக் குந்தி இன்னும் கால் சுற்று இறுக்குவேன்.

அவர் பிழைவிட்டதே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. எஞ்சின் தலையைக் கழற்றியபோது அதற்கடியில் இரண்டு கஸ்கெற் இருந்தன. தலைக்கும் உடலுக்கும் இடையில் காற்றுப் போகாமல் வைக்கும் தகடு அது, ஒன்றுதான் வைப்பது வழக்கம். "மாஸ்ரர் ரெண்டு போட்டவரெண்டால் காரணமில்லாமல் போடார்" என்று மலரக்கா புதிதாக இரண்டு வாங்குவித்தார். எனக்கும் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. நான் அமுக்கத்தையும் கனவளவையும் கொப்பியில் கணக்கிட்டு, இரண்டு போடுவது சரி என்று நிறுவியே காட்டினேன். எஞ்சின் ஓடியது, ஆனால் இழுக்கவில்லை. வளவின் சின்ன மேட்டில் ஏறுவதற்கே மூச்சு வாங்கியது. இரண்டு மாதம் எங்கெங்கோ பிழை தேடினோம். ஒருநாள் பழைய எரிபொருள் தாங்கியைக் கழுவிக்கொண்டிருந்த மலரக்கா அதற்குள் மூக்கை வைத்தார், வைத்தபடியே சிரிக்கத் தொடங்கினார். போர் நடந்து குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலத்தில் எல்லாரும் வாகனத்தை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எஞ்சின் அதற்கு இசைவதற்காக அமுக்கத்தைக் குறைக்க மாஸ்ரர் இரண்டாவது கஸ்கெற்றைச் செருகியிருக்கிறார். பிறகு கழற்ற மறந்துவிட்டார். நாங்களும் அந்தக் காலத்தில் இருந்தவர்கள்தானே, எங்களுக்கும் மறந்துவிட்டது.

"மனுசன் செத்துப் பதினாலு வருசம், இன்னும் மண்ணெண்ணெயிலைதான் ஓடுறார்" என்றார் மலரக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "உம்மடை கணக்கு என்ன மாதிரி?" என்று கேட்டார். நான் கணக்கில் பிழையில்லை, எடுகோளில்தான் பிழை என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். என்னுடைய பிழையைப் பிழை என்று சொல்ல எனக்கு எப்போதும் நாக்கு எழாது. இது பின்னால் வரப்போவதற்கு வேண்டியிருப்பதால் சொல்லிவைக்கிறேன்.

ஜீப் முழுதாக எழும்பியதும் அவர் முதலில் ஓட்டிக்கொண்டு போனது தேவாலயத்துக்கு அல்ல, அரியாலைக் கடனீரேரிக் கரைக்கு. மாரி முடிந்து தரை இன்னும் சதசதவென்று இருந்தது. கரையோரம் நின்று வலையை உதறிக்கொண்டிருந்தவர்கள், "அம்மா, உதுக்குள்ளை விடாதேங்கோ, தாழும்!" என்று கத்தினார்கள். மலரக்கா இரண்டாவது கியர்த் தடியைப் பிடித்து முன் சில்லையும் சேர்த்தார். நான் பக்கத்து ஆசனத்தில் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். ஜீப் உறுமியது, ஒரு பக்கம் சரிந்தது, பிறகு ஆறுதலாகச் சேற்றைக் கடந்து மறுபக்கத்து மணலில் ஏறி நின்றது. அவர் ஸ்ரேறிங்கை விடவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "என்ரை கைக்கு அடங்கிச்சுது பாத்தீரோ, பவானி" என்றார். அவரை நான் அறிந்த நாற்பது ஆண்டுகளில் அவ்வளவு மகிழ்ச்சியாக நான் வேறெப்போதும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஏழு மாதம் ஓட்டினார். தேவாலயப் பாடகர் குழுவில் நடக்கமுடியாத பெண்கள் எல்லாரும் அதில்தான் வந்தார்கள். பிறகு பின் இடப்பக்கச் சில்லில் பிறேக் ஒயில் கசியத் தொடங்கியது. உள்ளே இருந்த றப்பரை மாற்றினோம். மாற்றினால் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்கவேண்டும். ஒருவர் மேலே இருந்து பிறேக்கை மிதித்துப் பிடிப்பார். மற்றவர் சில்லுக்குப் பின்னால் படுத்து நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறப்பார், ஒயிலோடு குமிழி வரும். மூடிவிட்டுத் திரும்ப மிதிக்கச் சொல்லவேண்டும். குமிழி முற்றாக நிற்கும்வரை இதையே செய்யவேண்டும். அலுப்பான வேலை.

அன்று மேலே மலரக்கா, கீழே நான். நுளம்பு பிடுங்கியது. மேற்கில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. எனக்கோ அச்சுவேலிக்கு ஸ்கூட்டரில் போகவேண்டும். பதினைந்து, பதினாறு தரம் மிதித்தாயிற்று. கடைசி முறை திறந்தபோது ஒரு குமிழி வந்தது. கடுகளவு அல்ல, கொத்தமல்லி அளவு. மேலேயிருந்து குரல் வந்தது: "குமிழி நிண்டிட்டுதோ?"

"ஓம் அக்கா. காணும்" என்றேன்.

அவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. மழைத்துளி விழத் தொடங்கியிருந்தது. மிதித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மெத்தையாக் கிடக்கு" என்றார். "புது றப்பர்தானே, ரெண்டு நாளிலை இறுகும்" என்றேன். முப்பது ஆண்டுகளாக, திரவத்தை அமுக்கமுடியாது, காற்றை அமுக்கலாம் என்று கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவள் இதைச் சொன்னேன்.

அடுத்த நாள் வாசிகசாலைச் சந்தியில், சைக்கிளில் இரண்டு பக்கமும் பால் கான் கட்டிய ஒருவர் குறுக்கே வந்தார். மலரக்கா மிதித்தார். பிறேக் பிடிக்காமல் அடிவரை போனது. கைப்பிறேக்கை இழுக்க நேரம் இல்லை. இருந்த ஒரேயொரு வழி மதில், அதைத் தெரிந்தெடுத்தார். பால்காரருக்கு ஒரு கீறல்கூட இல்லை, பால்தான் றோட்டில் ஓடியது. மலரக்காவின் இடது தோளெலும்பு முறிந்தது. யோசித்துப் பாருங்கள். எழுபத்திநாலு வயதில் அரை நொடியில் அந்த முடிவை எடுத்த பெண்ணைத்தான் நான்கு ஆண்டுகளாக நாங்கள் கேலி செய்தோம்.

ஆசுபத்திரிக்கு ஜெயன் இரவோடிரவாகப் பஸ் ஏறி வந்துசேர்ந்தான். "எப்பிடியம்மா நடந்தது? பிறேக் பிடிக்கேல்லையோ?" என்று கேட்டான். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். மலரக்கா என்னைப் பார்க்கவே இல்லை. "பிறேக் சரி மோனை. என்ரை கால்தான் பிந்திப்போச்சு" என்றார். அவன் ஜீப்பைக் கட்டியிழுத்து வளவுக்குள் கொண்டுவந்து விட்டான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போனான். நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மலரக்கா கையைத் தூளியில் கட்டியபடி ஓட்டுநர் ஆசனத்தில் ஏறி இருந்தார். "பின் இடப்பக்கச் சில்லுக்குப் போம்" என்றார். போய்ப் படுத்தேன். "திறவும்" என்றார். திறந்தேன்.

"வருதோ?"

"ஓம்."

"சின்னனோ, பெரிசோ?"

"பெரிசு அக்கா."

"அண்டைக்கும் வந்ததோ?"

மண்ணில் படுத்தபடி சொன்னேன்: "ஓம். கடைசியிலை ஒண்டு வந்தது. மழை வருகுதெண்டு நான் காணும் எண்டிட்டன்."

நிப்பிளை இறுக்கி மூடினேன். பிறகு, "எனக்கு அண்டைக்கே காலிலை தெரிஞ்சது. நீர் சொன்னீரெண்டு நான் என்ரை காலை நம்பேல்லை" என்றார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

எழும்பிவந்து, ஜெயனுக்கு இன்றே சொல்லுகிறேன் என்றேன். "சொல்ல வேண்டாம்" என்றார். "அவன் உம்மை இந்த வளவுக்குள்ளை அடுக்கமாட்டான். நீரும் வராட்டில் எனக்கு ஆர் கதைக்க இருக்கினம்? என்னட்டைச் சொல்லியிட்டீர், காணும்."

அந்த வளவில் அவர் அந்தச் சொல்லைக் கேள்வியாக அல்லாமல் சொன்னது அந்த ஒரு தரம்தான். காற்று முழுவதையும் எடுத்து முடித்தோம். பிறேக் கல்லுப்போல நின்றது. ஆனால் சாவி கொழும்பில் இருந்தது. இரண்டு கம்பியைச் சேர்த்து எஞ்சினைக் கிளப்பலாம் என்று ஒருமுறை சொன்னேன். "பிள்ளை பயத்திலை எடுத்த சாவி. களவாகத் திறக்கக்கூடாது" என்று மறுத்துவிட்டார். தேவாலயத்துக்கு முச்சக்கரவண்டியில் போனார். பார்க்க வருகிறவர்கள், "என்ன ரீச்சர், இப்ப எந்த மதில்?" என்று கேட்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் பிளேன்ரீ ஊற்றிக்கொடுப்பேன். அவர் சொல்லவேண்டாம் என்றதை நான் ஒரு கட்டளைபோல வைத்துக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு உள்ளூர ஆறுதலாக இருந்தது. பௌதிகவியல் ரீச்சர் பிறேக்கில் காற்றை விட்டவள் என்று ஊர் கதைக்காது என்ற ஆறுதல். மலரக்கா, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இதையும் சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் உடுவிலுக்குப் போனேன். ஜெயன் தாயின் அலுமாரியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தான். குந்தி இருக்கச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். குமிழியை, மழையை, கட்டிலின் கால்மாட்டில் நின்றதை. அவன் கையில் இருந்த சேலையை மடித்து முடித்தான்.

"அம்மா ஒவ்வொரு நத்தாருக்கும் சாவி கேட்டவ, அன்ரி" என்றான். "'ஒருக்கால் தா மோனை, றோட்டுக்குப் போகேல்லை, வளவுக்குள்ளை மட்டும்' எண்டு. நாலு நத்தாரும் கேட்டவ. போன முறை நான் சிரிச்சுக்கொண்டு, 'அம்மா, மதில் பயப்படுது' எண்டனான்."

அவன் கிறிஸ்மஸுக்கு வந்தபோதெல்லாம் இது நடந்ததென்று எனக்குத் தெரியாது. சாவியைக் கேட்டதாக மலரக்கா என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. சொன்னால் நான் உண்மையைச் சொல்லவேண்டி வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"நீங்கள் ஏன் சொல்லேல்லை?" என்று ஜெயன் கேட்டான்.

"அவ வேண்டாமெண்டவ."

"அதுக்காகவோ?"

"இல்லை தம்பி. எனக்கு அது வசதியா இருந்தது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். என்னை வெளியே போகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அது நியாயம்தான்.

ஆகவே, அவரை அறிந்த எல்லாருக்கும் சொல்லுகிறேன். வாசிகசாலை மதிலை விழுத்தியவள் நான். மலர் ரீச்சர் நன்றாக ஓட்டினார். அன்றும் நன்றாகத்தான் ஓட்டினார். இனி அந்தப் பட்டத்தைச் சொல்லவேண்டும் என்றால் என்னைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் அச்சுவேலியில்தான் இருக்கிறேன்.

அவரிடமிருந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். பாடகர் குழுவினர் அவருடைய பாட்டுப் புத்தகத்தை வாங்கிப் போனார்கள். பழைய மாணவி ஒருவர் அவர் கையெழுத்தில் திருத்திய கணிதக் கொப்பியைச் சட்டம் போட்டு மாட்டப்போவதாகச் சொன்னார். என்னிடம் இருப்பது அவர் ஓட்டியிருக்க வேண்டிய நான்கு ஆண்டுகள். அதில் ஒரு சனிக்கிழமையும் தவறாமல் நான் அவர் வீட்டுக்குப் போனேன். பக்கத்தில் இருந்து கதைத்தேன், சிரித்தேன், பிளேன்ரீ குடித்தேன். நான் வந்துபோவதற்காக அவர் அந்த ஜீப்பை விட்டுக்கொடுத்தார். அந்த நான்கு ஆண்டுகளையும் நான்தான் எடுத்துக்கொண்டேன்.